ஒளிச் செலுத்துவாங்கிகள்: ஓர் ஒப்பீடு

கண்ணாடியிலுள்ள மாசினை நீக்கின், அதனால் இயன்ற மெல்லிய நாரின் வழியே ஒளியிற் செய்தியை ஏற்றித் தொலைவுக்கு அனுப்பலாகும் என்பதை 1966ஆம் ஆண்டிற் சாள்ஸ் காவோ, ஜோர்ஜ் ஹொக்கம் என்னும் இருவரும் ஆராய்ந்து வெளியிட்டனர். இதன் பொருட்டுக் காவோவுக்கு 2009ஆம் ஆண்டிற் பௌதிகத்துக்கான நோபல் பரிசும் கிடைத்தது. இன்று ஒளிநாரினைப் பற்றிக் கேள்வியுற்றோர் பலர். அதன் இரு முனைகளிலும் அமர்ந்து மின்குறியை ஒளியாகவும் ஒளியை மின்குறியாகவும் மாற்றும் சிறு கருவியை அறிந்தோர் சிலரே. செலுத்தியும் வாங்கியும் ஒன்றாய் அமைந்தமையின் அது செலுத்துவாங்கி எனப்படும். ‘றான்ஸ்சீவர்’ என்பது வழக்கு. விரலளவினதாகிய இதனைச் சுவிச் என்னும் இணைப்புக் கருவியின் துளையிற் செருகவும் கழற்றவும் இயலும்.

இவற்றை வேகம் பற்றி வகுத்தல் எளிது. எஸ்.எவ்.பி. என்பது செக்கனுக்கு 1 கிகாபிற்று, அதாவது நூறு கோடி குறிகளை அனுப்பும். எஸ்.எவ்.பி. பிளஸ் 10 கிகாபிற்றும், எஸ்.எவ்.பி.-28 25 கிகாபிற்றும் அனுப்புவன. 25 கிகாபிற்றுத் தடங்கள் நான்கினை ஒருங்கே கொண்டது கியூ.எஸ்.எவ்.பி.-28, அதன் வேகம் 100 கிகாபிற்று. எட்டுத் தடங்கள் கொண்ட ஓ.எஸ்.எவ்.பி. போல்வன 400 கிகாபிற்றும் அதற்கு மேலும் செல்வன.

எனினும் வேகம் ஒன்றே அளவுகோலாகாது. ஒளி செல்லும் நார் இருவகைப்படும். பல்பாங்கு நாரின் உள்ளகம் பெரும்பாலும் 50 மைக்கிரோமீற்றர் அகலமுடையது. ஒற்றைப்பாங்கு நாரின் உள்ளகம் ஏறக்குறைய 9 மைக்கிரோமீற்றரே. அகன்ற உள்ளகத்தில் ஒளி பல வழிகளாற் செல்லும். மணியடித்ததும் ஒருங்கே புறப்பட்ட மாணவர், வெவ்வேறு ஒழுங்கைகளாற் சென்று ஒரே சந்தியை வெவ்வேறு நேரத்தில் அடைதல் போல, ஒரு குறியின் கூறுகள் முன்பின்னாக வந்து சேரும். குறிகள் நெருங்க நெருங்க ஒன்றன்மேலொன்று படிந்து மயங்கும். ஆதலின் வேகம் கூடுந்தோறும் அந்நார் பயன்படும் தொலைவு சுருங்கும். ஒடுங்கிய நாரிலோ ஒளிக்கு வழி ஒன்றே, இம்மயக்கம் இல்லை.

இவ்வேறுபாடு செலுத்துவாங்கியின் வகைகளில் நன்கு புலனாகும். 10 கிகாபிற்று எஸ்.ஆர். வகை, 850 நனோமீற்றர் அலைநீள ஒளியை ஓ.எம்.3 என்னும் பல்பாங்கு நாரில் 300 மீற்றர் வரை செலுத்தும். அதே நாரில் 100 கிகாபிற்று எஸ்.ஆர்.4 வகை செல்வது 70 மீற்றரே. அதற்கு எட்டு நார்களும் வேண்டும். ஒற்றைப்பாங்கு நாரில் 1310 நனோமீற்றர் ஒளியைச் செலுத்தும் 10 கிகாபிற்று எல்.ஆர். வகை 10 கிலோமீற்றர் செல்லும். 100 கிகாபிற்று எல்.ஆர்.4 வகையும், நான்கு அலைநீளங்களை ஒன்றாய்க் கலந்து, இரு நார்களிலேயே அதே தொலைவு செல்லும்.

இனி, நெடுந்தொலைவு செல்வதே எவ்விடத்தும் சிறந்தது என்று கொள்ளலாமோ எனின், அதுவும் பொருந்தாது. 1550 நனோமீற்றர் ஒளியை 40 கிலோமீற்றர் அனுப்பும் ஈ.ஆர். வகையை அடுத்த கட்டிடத்துக்குப் பூட்டின், மிகுந்த ஒளியால் வாங்கி திணறும். ஒளியைக் குறைக்கும் கருவியொன்றை இடையில் வைத்தல் வேண்டும். ஒரே நாரில் இரு திசையும் செல்லும் வகையிலோ, ஒரு முனை அனுப்பும் அலைநீளத்தை மறுமுனை வாங்குமாறு இணை பார்த்துப் பூட்டல் வேண்டும். இவ்வொளிகள் கண்ணுக்குப் புலனாகா. ஆயினும் கண்ணுக்குத் தீங்கு செய்யக் கூடுமாதலின் நாரின் முனையை உற்றுநோக்கலாகாது.

பல்பாங்குக்குரிய செலுத்துவாங்கி விலை குறைந்தது. எளிய லேசர் அதற்குப் போதும். ஓரறைக்குள் அதுவே தக்கது. ஆனாற் கட்டிடத்துக்குக் கட்டிடம் நிலத்தைத் தோண்டிப் புதைக்கும் நார் பல்லாண்டு கிடப்பது. செலுத்துவாங்கியோ சில ஆண்டுகளில் மாற்றப்படுவது. இன்றைய சிறு சிக்கனத்தை நோக்கிப் பல்பாங்கு நாரினைப் புதைத்தோர், வேகம் வேண்டுங்காற் மீண்டும் நிலத்தைத் தோண்ட நேரும். ஒற்றைப்பாங்கு நாரினைப் புதைத்தோர்க்கு முனைகளை மாற்றுதலே அமையும். குறைந்த பொருளைக் கொண்டு வலையமைப்பு நிறுவும் கல்விக்கூடங்கள் சிறப்பாக எண்ணுதற்குரியது இது. நிலைப்பது எது, மாறுவது எது என அறிந்து, நிலைப்பதற்கேற்ப மாறுவதைத் தெரிதலே அறிவுடைமை.