ஓடும் கால்களுக்கு ஓய்வு மட்டும் போதாது

காவலர் தேர்வு, ராணுவ ஆள்சேர்ப்பு ஆகியவற்றுக்கான அறிவிப்பு வெளியானால், அதன் முதல் அடையாளம் மைதானங்களில்தான் தெரியும். பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானம், அண்ணா விளையாட்டரங்கம் தொடங்கி, சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வட்டாரங்களில் தாமிரவருணிக் கால்வாய்களை ஒட்டிச் செல்லும் சாலைகள் வரை, விடியும் முன்பே இளைஞர்கள் ஓடத் தொடங்கிவிடுகின்றனர்.

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடங்களுக்குள் ஓடி முடிக்க வேண்டும். ராணுவ ஆள்சேர்ப்பில் முழு மதிப்பெண் பெற 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடங்களுக்குள் கடந்தாக வேண்டும். பெண்களுக்கும் ஓட்டத் தேர்வு உண்டு. எழுத்துத் தேர்வுக்கு ஓராண்டு படித்தவர்கள்கூட ஓட்டத்துக்கு ஒதுக்குவது பெரும்பாலும் கடைசி ஓரிரு மாதங்களைத்தான். அதுவரை நூலகத்தில் அமர்ந்திருந்த கால்கள், திடீரென நாள்தோறும் ஐந்தாறு கிலோமீட்டர் ஓடுகின்றன. இரண்டு, மூன்று வாரங்களில் முழங்கால் வலி தொடங்குகிறது.

இயன்முறை மருத்துவர் என்ற முறையில் நான் காணும் இளைஞர்களில் பலர், "சவ்வு கிழிந்துவிட்டதா?", "எலும்பு தேய்ந்துவிட்டதா?" என்ற அச்சத்துடனேயே வருகின்றனர். பெரும்பாலானோருக்கு இரண்டும் இல்லை. முழங்கால் சில்லைச் சுற்றியோ அதன் பின்புறத்திலோ வலி. படி இறங்கும்போதும், குத்துக்காலிட்டு அமரும்போதும், பேருந்தில் நெடுநேரம் கால் மடக்கி அமர்ந்து எழும்போதும் அது கூடும். உலகெங்கும் ஓட்டக்காரர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் முழங்கால் தொல்லை இதுதான்.

முழங்கால் மடங்கும்போது சில்லு தொடை எலும்பின் பள்ளத்தில் மேலும் கீழும் நகர்கிறது. மடக்கம் கூடக்கூட அதன் மீதான அழுத்தமும் கூடுகிறது. ஓடும்போது இந்த அழுத்தம் உடல் எடையைப் போலப் பல மடங்காகிறது. சிறிது சிறிதாகப் பழக்கினால் தசையும் தசைநாணும் குருத்தெலும்பும் இச்சுமைக்கேற்ப வலுப்பெறும். பழகுவதற்கான கால அவகாசம் தராமல் சுமையை ஏற்றினால், அப்பகுதியின் மெல்லிய திசுக்கள் எரிச்சலுற்று வலிக்கின்றன.

அமெரிக்க எலும்பியல் மருத்துவர் ஸ்காட் டை, மூட்டுக்குள் மயக்க மருந்து செலுத்தாமல் தமது முழங்காலுக்குள்ளேயே கருவியைச் செலுத்தச் செய்து, எந்த இடத்தைத் தொட்டால் வலிக்கிறது எனப் பதிவு செய்தார். 1998-இல் அந்த ஆய்வு வெளியானது. சில்லின் பின்புறக் குருத்தெலும்பைத் தொட்டபோது அவருக்கு வலிக்கவில்லை. மூட்டின் உட்சவ்வையும் சில்லுக்குக் கீழுள்ள கொழுப்புத் திசுவையும் தொட்டபோது கடுமையாக வலித்தது. வலி என்றாலே தேய்மானம் என்று பொருளல்ல என்பதை இதிலிருந்து அறியலாம். எரிச்சலுற்ற திசு ஆறக்கூடியது.

ஆனால், நம் இளைஞர்கள் தேர்ந்தெடுப்பவை பெரும்பாலும் இரண்டு வழிகள். ஒன்று, வலி மாத்திரையை விழுங்கிவிட்டு ஓடுவது. மாத்திரை எச்சரிக்கை மணியை நிறுத்துகிறதே தவிர, சுமையைக் குறைப்பதில்லை. நெல்லையின் வெயிலில் வியர்த்து நீர்ச்சத்து இழந்த உடலில் இத்தகைய மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும். மற்றொன்று, ஒரு மாதம் முற்றிலும் ஓய்வெடுப்பது. ஓய்வில் வலி குறையும். அதனுடன் தசையின் வலுவும் குறையும். மீண்டும் பழைய வேகத்தில் ஓடத் தொடங்கியதும் வலி திரும்பி வரும்.

கனடாவின் கியூபெக் நகரில் முழங்கால் வலியுள்ள 69 ஓட்டக்காரர்களைக் கொண்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2018-இல் வெளியானது. ஓட்டத்தின் அளவை வலிக்கேற்ப மாற்றிக்கொள்ளும் முறை அனைவருக்கும் கற்றுத் தரப்பட்டது. ஒரு பிரிவினருக்குக் கூடுதலாக உடற்பயிற்சியும், வேறொரு பிரிவினருக்கு ஓடும் பாணியில் மாற்றமும் சேர்க்கப்பட்டன. மூன்று பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் முன்னேறினர். ஆக, சிகிச்சையின் அடித்தளம் சுமையை முறைப்படுத்துவதுதான்.

அதற்கான அளவுகோல் எளிது. வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது வலி இரண்டைத் தாண்டக் கூடாது; ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்குத் திரும்பிவிட வேண்டும். தாண்டினால் அடுத்த முறை தூரத்தையோ வேகத்தையோ குறைக்க வேண்டும். அரைமணி நேரம் விரைவாக நடக்க முடிந்தவர், ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை எனப் பத்து முறை செய்து தொடங்கலாம். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். முதலில் தூரத்தைக் கூட்ட வேண்டும், பிறகே வேகம். படிக்கட்டு ஓட்டமும் வேக ஓட்டமும் இறுதியில்தான்.

தசைகளை வலுப்படுத்தும் பயிற்சியும் தேவை. ஓட்டத்தின் சுமையைப் பெருமளவு தாங்குபவை தொடையின் முன்தசையும் இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளும் கெண்டைக்கால் தசையும்தான். இதற்கு உடற்பயிற்சிக் கூடம் வேண்டியதில்லை. நாற்காலியில் மெதுவாக அமர்ந்து எழுதல், வீட்டுப் படியில் ஒற்றைக்காலில் நின்று மறுகாலைத் தாழ்த்தித் தரையைத் தொடுதல், ஒருக்களித்துப் படுத்து மேல்காலை உயர்த்துதல், குதிகாலை உயர்த்தி நிற்றல் ஆகியவற்றை வாரம் மூன்று நாள்கள் செய்தாலே மாற்றம் தெரியும். எளிதாகிவிட்டால் கையில் தண்ணீர் கேனைப் பிடித்துக்கொண்டு எடையைக் கூட்டலாம். படிப்படியாக எடையேற்றும் இம்முறையை, இரண்டாம் உலகப் போரில் காயமுற்ற வீரர்களின் கால்களை மீட்க அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டிலோர்ம் பயன்படுத்தி 1945-இல் வெளியிட்டார். இன்றும் மறுவாழ்வுப் பயிற்சியின் அடிப்படை அதுவே.

ஓடும் முறையில் ஒரு சிறு மாற்றமும் உதவும். ஒரு நிமிடத்தில் வைக்கும் அடிகளை எண்ணிப் பாருங்கள். 160 என்றால், அதே வேகத்தில் 170 அடிகளாக்கிப் பாருங்கள். அடி குறுகும், பாதம் உடலுக்கு வெகு முன்னே சென்று தரையில் மோதுவது குறையும், முழங்கால் மீதான சுமையும் குறையும். சாலையின் சரிந்த ஓரத்தில் எப்போதும் ஒரே பக்கமாக ஓடுவதையும் தவிர்ப்பது நல்லது.

எல்லா வலிக்கும் இது பொருந்தாது. மூட்டு வீங்குதல், நீட்டவோ மடக்கவோ முடியாமல் பூட்டிக்கொள்ளுதல், நிற்கும்போதே கால் நழுவுதல், விழுந்து அடிபட்ட பின் வரும் வலி, இரவில் உறங்கவிடாத வலி, காய்ச்சலுடன் கூடிய வலி, எலும்பின் ஒரே புள்ளியில் அழுத்தினால் தெறிக்கும் வலி ஆகியவை இருந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு உடனே மருத்துவரைக் காண வேண்டும்.

"ஓடினால் மூட்டு தேயும்" என்ற பெற்றோரின் அச்சத்துக்கும் பதில் உண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஆய்வறிக்கையின்படி, இடுப்பு, முழங்கால் மூட்டுத் தேய்மானம் உடல்நலனுக்காக ஓடுவோரில் 3.5 சதவீதத்தினரிடமும், ஓடாமல் அமர்ந்தே வாழ்வோரில் 10.2 சதவீதத்தினரிடமும் காணப்பட்டது. போட்டிக்காகக் கடுமையாக ஓடுவோரிடம் அது 13.3 சதவீதம். அளவோடு ஓடுவது மூட்டுக்குப் பகையல்ல.

முழுமையாக மீள ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள்வரை ஆகலாம். உடற்தகுதித் தேர்வுக்கு மூன்று வாரங்களே இருக்கும்போது என்னிடம் வருபவருக்கு நான் செய்யக்கூடியது மிகக் குறைவு. ஏழை விவசாயக் குடும்பத்து இளைஞர் ஒருவர் சில நொடிகளில் தேர்வை இழந்தால், வயது வரம்பு அவருக்கு இன்னொரு வாய்ப்பைத் தராமலே போகலாம். எனவே, எழுத்துத் தேர்வுக்கு விண்ணப்பிக்கும் நாளிலேயே ஓட்டப் பயிற்சியையும் தொடங்கிவிட வேண்டும்.

அரசுக்கும் இதில் கடமை உண்டு. 2021-இல் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டம், இயன்முறை சிகிச்சையை வீட்டுவாசலுக்குக் கொண்டு சென்றது. அதேபோல், ஆள்சேர்ப்புக் காலங்களில் வாரம் ஒருநாள் காலையில் ஓர் இயன்முறை மருத்துவரை மாவட்ட மைதானங்களுக்கு அனுப்பலாம். தேர்வு அறிவிக்கையுடன் படிப்படியான பயிற்சி அட்டவணை ஒன்றையும் தேர்வு வாரியம் வெளியிடலாம். பெருஞ்செலவு பிடிக்காத இவ்விரு ஏற்பாடுகளும் பல இளைஞர்களின் கால்களையும் அவர்களை நம்பியிருக்கும் குடும்பங்களையும் காக்கும்.