இணையத்தளத்திற்கு ஏற்ற பெயர்

1994ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜெஃப் பெசோஸ் என்பவர் இணையம்வழி நூல்களை விற்பதற்காக நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். மந்திரவாதிகள் சொல்லும் 'அப்ரகடப்ரா' என்னும் சொல்லை நினைவூட்டும் வகையில் அதற்குக் 'கடப்ரா' என்று பெயரிட்டார். ஆனால், தொலைபேசியில் அப்பெயரைக் கேட்ட வழக்கறிஞரின் காதில் அது 'கடாவர்' என்று விழுந்தது. ஆங்கிலத்தில் அச்சொல்லுக்குப் 'பிணம்' என்பது பொருள்! பெசோஸ் அந்தப் பெயரைக் கைவிட்டு, பேராறு ஒன்றின் பெயரைத் தெரிவு செய்தார். 1995ஆம் ஆண்டு ஜூலை மாதம் 'அமேசான்' என்னும் பெயரில் அந்த இணையத்தளம் திறக்கப்பட்டது.

இணையத்தளத்திற்கு வைக்கும் பெயரைக் களப்பெயர் என்பர். 'டொமைன்' என்றும் அழைப்பர். இணையத்தில் உள்ள கணினிகள் ஒன்றையொன்று எண்களைக் கொண்டே அடையாளம் காண்கின்றன. நீண்ட எண்களை நினைவில் வைத்திருப்பது மனிதர்களுக்குக் கடினம். எனவே, பெயர்களை எண்களோடு பொருத்தும் இன்றைய முறையைப் பால் மொக்கபெட்ரிஸ் என்னும் அறிவியலாளர் 1983ஆம் ஆண்டு வகுத்தார். கைப்பேசியில் நண்பரின் பெயரைத் தொட்டதும் அவருடைய எண்ணுக்கு அழைப்புச் செல்கிறது அல்லவா? அதைப் போலவே, களப்பெயரைத் தட்டச்சு செய்ததும் கணினி அதற்குரிய எண்ணைக் கண்டறிந்து இணையத்தளத்தைத் திறக்கிறது. பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் அந்த இணையத்தளம் திறக்காது. வேறு யாருடைய தளமாவது திறக்கக்கூடும்.

தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்துகளில் எழுதும்போது இந்தச் சிக்கல் பெரிதாகிறது. எடுத்துக்காட்டாக, சிங்கப்பூரில் ஒரு குடும்பம் வீட்டில் செய்த முறுக்கையும் அதிரசத்தையும் இணையத்தில் விற்க விரும்புகிறது எனக் கொள்ளலாம். கடையின் பெயர் 'தாழம்பூ'. இதன் முதல் எழுத்தைச் சிலர் 'டி' என்று மட்டும் எழுதுவர். சிலர் அதனுடன் 'எச்' சேர்ப்பர். ழகரத்தைச் சிலர் 'எல்' என்றும், சிலர் 'இசட்', 'எச்' என்றும் எழுதுவர். இறுதியில் உள்ள 'பூ' என்னும் எழுத்திலும் இருவகை உண்டு: சிலர் 'யு' இடுவர், சிலர் இரண்டு 'ஓ' இடுவர். ஆக, ஒரே பெயரை எட்டு வகையாக எழுதலாம். தீபாவளிக்கு முன் பலகாரம் வாங்க நினைக்கும் வாடிக்கையாளர் வேறொரு வகையில் தட்டச்சு செய்தால், அக்குடும்பம் ஒரு விற்பனையை இழக்கும். 'மலர்' போன்ற பெயரைப் பெரும்பாலோர் ஒரே மாதிரியாகத்தான் எழுதுவர். அத்தகைய பெயரே களப்பெயருக்கு ஏற்றது.

தமிழ் எழுத்துகளிலேயே பெயரை வைக்க முடியாதா? முடியும். '.சிங்கப்பூர்' எனத் தமிழில் முடியும் களப்பெயர்கள் 2011ஆம் ஆண்டில் அறிமுகமாயின. ஆயினும், தமிழ் அறியாத வாடிக்கையாளர்களால் அதனைத் தட்டச்சு செய்ய இயலாது. எனவே, யாருக்காக இணையத்தளம் அமைக்கப்படுகிறது என்பதை முதலில் சிந்திக்க வேண்டும். இரண்டு பெயர்களையும் பதிவு செய்து, இரண்டும் ஒரே தளத்திற்கு இட்டுச் செல்லுமாறு அமைப்பதும் உண்டு.

களப்பெயரின் ஒரு பகுதியில் 63 எழுத்துகள் வரை இடம்பெறலாம். அதற்காக நீண்ட பெயரை வைப்பது அறிவுடைமை ஆகாது. சுருக்கமான பெயரே மனத்தில் நிற்கும். பெயரின் நடுவே சிறுகோடும் எண்களும் வருவதைத் தவிர்ப்பது நல்லது. வாய்மொழியாகச் சொல்லும்போது, 'இரண்டு' என்பதை எண்ணாக எழுதுவதா, எழுத்தால் எழுதுவதா என்னும் குழப்பம் எழும். புகழ்பெற்ற நிறுவனத்தின் பெயரைப் போன்ற பெயரையும் வைக்கக்கூடாது. அது வணிகச் சின்னச் சட்டத்தை மீறும் செயலாகலாம். மோசடிக்காரர்களே இத்தகைய போலிப் பெயர்களைப் பயன்படுத்துவதால், வாடிக்கையாளர்களும் ஐயப்படுவர்.

பெயரின் இறுதிப் பகுதிக்கும் பொருள் உண்டு. 'டாட் காம்' உலகெங்கும் அறிமுகமானது. 'டாட் எஸ்ஜி' சிங்கப்பூரையும் 'டாட் எம்ஒய்' மலேசியாவையும் குறிக்கும். உள்ளூரிலேயே பலகாரம் விற்கும் கடைக்கு நாட்டைக் காட்டும் இறுதிப் பகுதி பொருத்தமாக அமையும்.

நல்ல பெயரைத் தெரிவு செய்தால் மட்டும் போதாது; அதனைக் காக்கவும் வேண்டும். களப்பெயரை ஒரே முறை பணம் கொடுத்து நிரந்தரமாக வாங்க முடியாது. குறிப்பிட்ட காலத்திற்குப் பதிவு செய்து, பின்னர்ப் புதுப்பிக்க வேண்டும். 1999ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் களப்பெயர்களுள் ஒன்றைப் புதுப்பிக்கத் தவறியது. அதனால் ஹாட்மெயில் பயனாளர்கள் பலர் தங்கள் மின்னஞ்சலைத் திறக்க இயலாமல் தவித்தனர். நிரலாளர் ஒருவர் தம் சொந்தப் பணத்தில் 35 டாலர் செலுத்திய பிறகே சிக்கல் தீர்ந்தது. மாபெரும் நிறுவனத்திற்கே இந்நிலை என்றால், சிறு கடைக்காரர் எவ்வளவு விழிப்பாக இருக்க வேண்டும்!

பெயரைப் பதிவு செய்வதற்குமுன் எளிய சோதனை ஒன்றைச் செய்யலாம். நண்பர் ஒருவரைத் தொலைபேசியில் அழைத்து, அப்பெயரை ஒரே ஒரு முறை சொல்ல வேண்டும். எழுத்துக்கூட்டிச் சொல்லக் கூடாது. அவர் அதனைத் தட்டச்சு செய்து அனுப்பட்டும். ஐந்து பேரிடம் இவ்வாறு சோதித்து, ஐவரும் ஒரே மாதிரியாக எழுதினால், அது நல்ல பெயர். ஐந்து பேரும் ஐந்து விதமாக எழுதினால், வேறு பெயரைத் தேட வேண்டும். பெசோஸின் வழக்கறிஞர் தற்செயலாகச் செய்ததும் இதே சோதனைதான்.