எப்பிராயீம் மலைநாட்டின் காடுகள்

யோசேப்பின் புத்திரர் தங்களுக்குக் கிடைத்த பங்கு போதாதென்று முறையிட்டபோது, மலைநாட்டுக் காட்டை வெட்டித் திருத்திக்கொள்ளும்படி யோசுவா அவர்களுக்குக் கூறினான் (யோசுவா 17:14-18). இப்பகுதியைப் பிரசங்கிக்கும் நாம் பெரும்பாலும் அதிலுள்ள ஊக்கத்தை எடுத்துரைக்கிறோம்; காட்டைப்பற்றி வினவுவதில்லை. இன்று அம்மலைகளின் படங்களில் நாம் காண்பவை பெரும்பாலும் கல்லும் முட்செடியும் ஒலிவத்தோப்புமே. அங்கே காடு இருந்ததாயின், அது எங்கே போயிற்று?

முதலாவது, சொல்லைத் திருத்தமாக விளங்கிக்கொள்ள வேண்டும். எபிரெயத்தில் 'யாஅர்' எனப்படும் இச்சொல்லுக்கு இனமான அரபுச் சொல் கரடுமுரடான கல்நிலத்தைக் குறிக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காடுகளை மனக்கண்முன் நிறுத்துவோமாயின் தவறிவிடுவோம். குட்டையான கர்வாலி மரங்களும் புதர்களும் பாறையிடுக்குகளில் பின்னிக்கிடக்கும் நிலமே பெரும்பாலும் இங்கே குறிக்கப்படுகிறது. இவ்விஷயத்தில் ஆங்கில வாசகரைவிடத் தமிழ் வாசகருக்கு ஒரு வசதி உண்டு. கொங்குநாட்டார் புன்செய் நிலத்தையும் காடு என்றே வழங்குவர். எனினும் அது வெறும் புதர்நிலமும் அன்று. யோனத்தான் தேனைக் கண்டதும் (1 சாமுவேல் 14), பெத்தேலுக்கருகே கரடிகள் புறப்பட்டு வந்ததும் (2 இராஜாக்கள் 2) இத்தகைய காட்டிலேயே. கரடி இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்நாட்டினின்று அற்றுப்போயிற்று.

இஸ்ரவேலர் இரும்புக்கோடரியால் கன்னிக்காட்டை அழித்துக் குடியேறினர் என்று முற்காலத்து விளக்கவுரைகள் எழுதின. இக்கூற்று இன்று நிலைநிற்பதில்லை. கி.மு. 12, 11ஆம் நூற்றாண்டுகளில் மலைநாட்டில் இரும்புக் கருவிகள் அரிதாகவே இருந்தன. புதர்க்காட்டைத் திருத்த வெண்கலக்கோடரியும் நெருப்பும் ஆடுகளும் போதும். மேலும், அம்மலைகளில் அதற்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன்னரே ஒலிவமும் திராட்சையும் பயிரிட்ட ஊர்கள் இருந்து மறைந்தன. ஆகவே யோசுவா சுட்டிய காட்டில் ஒரு பகுதி, கைவிடப்பட்ட தோட்டங்களின்மேல் மீண்டும் வளர்ந்த காடாக இருந்திருக்கக்கூடும்.

இதற்குச் சான்று எங்ஙனம் கிடைக்கிறது? கலிலேயாக் கடலின் அடியில் ஆண்டுதோறும் சேறு படிகிறது. சுற்றிலுமுள்ள மரங்களின் மகரந்தத்தூளும் அதனுடன் படிகிறது. குழாய் இறக்கி அச்சேற்றை அடுக்குக் குலையாமல் எடுத்து, ஒவ்வோர் அடுக்கிலும் உள்ள தூளை உருப்பெருக்கியில் எண்ணினால், எக்காலத்தில் எம்மரம் மிகுந்திருந்தது என்று கண்டுகொள்ளலாம். இவ்வாராய்ச்சிகளில் பொதுவாக ஒலிவம் மிகும்போது கர்வாலி குறைகிறது. ஒலிவம் குறையும்போது கர்வாலி மீளுகிறது. ரோமர், பைசாந்தியர் காலங்களில் ஒலிவம் உச்சத்தை எட்டிற்று. அதன்பின் அது வீழவே, காட்டுமரங்கள் திரும்பின. 2013இல் வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ கி.மு. 1250 முதல் 1100 வரையில் மரவகைகள் யாவும் குன்றியதைக் காட்டி, அதற்குக் கடும் வறட்சியே காரணம் என்றது. ஆகவே காட்டின் வரலாறு ஒரே சரிவாக இறங்கும் பாதையன்று. ஏறியும் இறங்கியும் வந்துள்ளது.

யுத்தமும் காட்டை விழுங்கியது. கி.பி. 70இல் எருசலேமை முற்றுகையிட்ட ரோமர், நகரைச் சுற்றி 90 ஸ்தாதி தூரத்துக்கு, அதாவது ஏறக்குறைய 16 கிலோமீட்டருக்கு, மரங்களை வெட்டினர் என்று யோசேப்பு என்னும் சரித்திராசிரியர் எழுதுகிறார். முதல் உலகப்போரில், 1914 முதல் 1918 வரை, துருக்கியர் தங்கள் இரயில்களின் எரிபொருளுக்காகப் பெருவாரியான மரங்களை வெட்டினர். சாரோன் சமவெளியின் கர்வாலிக் காடு பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் பெரும்பாலும் அழிந்தது. ஏசாயா 65:10இல் வரும் சாரோன் என்னும் பெயரைக் கிரேக்க மொழிபெயர்ப்பாளர் கர்வாலிக்காடு என்றே பெயர்த்திருந்தனர்.

ஆயினும் பழி ஆட்டின்மேலும் அதை மேய்த்த அரபியர்மேலும் விழுந்தது. 1939இல் எருசலேம் வானொலியில் நிலப்பாதுகாப்பைப் 'பதினோராம் கட்டளை' என அறிவித்த அமெரிக்க மண்ணியல் வல்லுநர் லௌடர்மில்க், அரபியர் ஆட்சியின் அசட்டையே நாட்டைப் பாழாக்கியதென்று எழுதினார். மண்ணைக் காக்கவேண்டும் என்ற அவர் அக்கறையை நாம் மதிக்கிறோம். ஆனால் மேற்கண்ட மகரந்தச் சான்று அவருடைய வரலாற்றுக்கு இசைவதாயில்லை. 1950இல் இஸ்ரேல் நாடு கறுப்பு வெள்ளாட்டைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. காய்ந்த புதரை மேய்ந்து தீயின் பரவலைத் தடுப்பதும் அதே ஆடுதான் என்று கண்டு, 2018இல் அச்சட்டத்தை நீக்கிற்று. இதற்கிடையே 2010 டிசம்பரில் கர்மேல் மலையில் பற்றிய தீயில் 44 பேர் மாண்டனர்.

1901இல் தோன்றிய யூத தேசிய நிதி 24 கோடிக்கு மேற்பட்ட மரங்களை நட்டதாகக் கூறுகிறது. அவற்றுள் பல, எளிதில் தீப்பற்றும் பைன் மரங்கள். வனாந்தரம் மலர்ந்தது என்று ஏசாயா 35ஐ மேற்கோள் காட்டி இப்படங்களைப் பிரசங்கத்தில் எடுத்துக்காட்டும் போதகர்கள் நம்மிடையே உண்டு. அம்மரங்கள் நிற்கும் நிலத்தில் முன்பு யார் இருந்தனர் என்பதையும் அவர்கள் விசாரிப்பது நலம். எருசலேமுக்கு மேற்கே, கனடா நாட்டார் காணிக்கையால் 1970களில் உருவான பூங்காவொன்று உண்டு. அதன் எல்லைக்குள் இம்வாஸ், யாலோ என்னும் ஊர்கள் இருந்தன. 1967ஆம் ஆண்டுப் போரில் அவ்வூரார் வெளியேற்றப்பட்டு, வீடுகள் இடிக்கப்பட்டன. இம்வாஸ் என்பது, நான்காம் நூற்றாண்டில் யூசேபியு முதலானோர் லூக்கா 24இன் எம்மாவு என்று கருதிய ஊர்.