வீட்டோரத்துப் பெருமரங்களை அபாயமின்றி அகற்றும் முறை

வீட்டுக் கொல்லையில் நிற்கும் புளியையும் தென்னையையும் வெட்டிவிட எந்தக் குடியானவருக்கும் எளிதில் மனம் வருவதில்லை. பாட்டன் காலத்து மரமென்னும் பற்று ஒருபுறம். ஆண்டுதோறும் கைக்கு வரும் காசு மற்றொருபுறம். ஆகவே, மரம் சாயத் தொடங்கிய பின்னரும், இவ்வருஷத்து மகசூலை எடுத்துக்கொண்டு பார்க்கலாமென்று தள்ளிவைப்பதே வழக்கமாயிருக்கிறது. 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ந் தேதி வேதாரண்யத்தருகே கரையேறிய கஜா புயல், நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை ஜில்லாக்களில் லக்ஷக்கணக்கான தென்னைகளைச் சாய்த்தது. வீடுகளின்மீது விழுந்தவையும் அவற்றுள் உண்டு. புயலுக்கு முன் யோசியாதவர்கள் புயலுக்குப் பின் அவசரப்படுகிறார்கள். அவ்வவசரத்தில், மரம் எப்பக்கம் விழுமென்று ஆராயாமலே அடியில் கோடரி போட்டு, கூரையையும் சில சமயம் உயிரையும் இழப்பது மிகவும் விசனிக்கத்தக்கது.

வயதாகிவிட்டதென்ற ஒரே காரணத்துக்காக மரத்தை வெட்ட வேண்டியதில்லை. நெடுநாளாகச் சாய்ந்தே வளர்ந்து, நுனி மட்டும் நிமிர்ந்திருக்கும் தென்னை இன்னும் பல ஆண்டுகள் நிற்கக்கூடும். நேராயிருந்த மரம் புதிதாகச் சாய்ந்து, சாய்வுக்கு எதிர்ப்பக்கத்தில் மண் எழும்பி வெடித்திருக்குமாயின், அதை நம்பலாகாது. சுவருக்கு அஸ்திவாரம் தோண்டுகையில் பக்கவேர்கள் வெட்டுண்ட மரமும் அத்தகையதே. பட்ட கிளைகள் மட்டுமே குற்றமாயிருப்பின் அவற்றைக் கழித்துவிட்டு மரத்தை வைத்துக்கொள்ளலாம்.

தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்புறத்தில் வைரமுடையவற்றைப் புல்லென்றும், உள்ளே வைரமுடையவற்றை மரமென்றும் பிரித்துக் கூறுகிறது. இது புலவர்க்கு மட்டுமன்றி மரம் வெட்டுவோர்க்கும் பயன்படும் பேதமாகும். புளி உள்வைரமுடையது. முதிர்ந்த புளி அடியில் உட்பொந்து விழுந்தும், வெளிச்சுவரின் பலத்தால் இலை தழைத்து நிற்கும். கோடரியின் பின்புறத்தால் சுற்றிலும் தட்டிப் பார்த்தால் பறை போன்ற ஓசை உண்மையைச் சொல்லிவிடும். தென்னைக்கோ வலுவெல்லாம் புறத்தில், நடுப்பகுதி மென்மையானது. ஆதலால் தென்னையின் அடியில் வெளிப்பட்டை அழுகுவது, புளியில் பொந்து விழுவதைவிட அபாயகரமானது. அடித்தண்டிலிருந்து செம்பழுப்பு நிறச் சாறு கசிவதும், அடியில் தட்டையான காளான் முளைப்பதும் தஞ்சாவூர் வாடல் நோயின் குறிகள். செவ்வண்டு துளைத்த மரத்திலோ, துவாரங்களின் வழியே சக்கையும் பிசினும் வெளிவரும்.

வெட்டுவதென்று தீர்மானித்த பின் காலத்தைக் கவனிக்க வேண்டும். புளியின் காய் உலுக்கி முடிந்த பங்குனி, சித்திரையே தக்க சமயம். பலனும் வீணாகாது, கிளைகளின் பாரமும் குறைந்திருக்கும். ஆடிக் காற்றிலும், ஐப்பசி மழையில் மண் நனைந்திருக்கையிலும் இவ்வேலை கூடாது. மரம் பட்டா நிலத்தில் உள்ளதா, புறம்போக்கில் உள்ளதா, எல்லையில் இருவருக்கும் பொதுவானதா என்பதை முன்னரே தெளிந்துகொள்வது கோர்ட்டு வழக்கை மிச்சப்படுத்தும். புறம்போக்கு மரத்தை அனுமதியின்றி வெட்டலாகாது. சந்தன மரமாயின் சொந்த நிலத்திலிருந்தாலும் வனத்துறையின் அனுமதி வேண்டும். கூரைமேல் சாய்ந்திருக்கும் மரத்தைப் பற்றி மனுச் செய்தால், கிராம அதிகாரிகள் அதை மற்றக் காகிதங்களோடு கட்டிவைக்காமல், மழைக்காலத்துக்கு முன் நேரில் பார்வையிட்டு முடிவு சொல்வது அவசியம்.

வெட்டும் நாளில் வீட்டிலுள்ளோரையும் கால்நடைகளையும் அப்புறப்படுத்திவிட வேண்டும். அருகில் மின்கம்பி சென்றால், மின்வாரியத்தார் வந்து மின்சாரத்தை நிறுத்திய பிறகே மரத்தில் கை வைக்கலாம். பச்சைக் கிளை கம்பியில் பட்டால், அக்கிளையைத் தொட்டவனுக்கும் மின்சாரம் பாயும்.

சுற்றிலும் மரத்தின் உயரத்துக்கு மேல் வெற்றிடம் இருந்தால் அடியில் வெட்டலாம். விழவேண்டிய பக்கத்தில், பூசணியில் பத்தை எடுப்பதுபோல, குறுக்களவில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு ஆழத்துக்கு ஒரு துண்டை வெட்டி எடுக்க வேண்டும். பிறகு எதிர்ப்பக்கத்தில், முன்வெட்டின் அடிக்கு இரண்டு அங்குலம் மேலாக அறுத்து வந்து, நடுவே பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு அறுக்காமல் விட வேண்டும். அப்பகுதி கதவுக்குக் கீல்போல நின்று மரத்தை வழிநடத்தும். பொந்து மரத்திலும் தென்னையிலும் இந்தக் கீலை நம்புவதற்கில்லை. மரம் அசைந்ததும் பின்பக்கத்தில் கோணலாக விலகி ஓட முன்கூட்டியே வழி செய்திருக்க வேண்டும். நேர் பின்னால் நிற்பவனை, பிளந்து எழும் அடிமரம் தாக்கும்.

வீட்டோரத்தில் அத்தகைய வெற்றிடம் கிடைப்பது அரிது. அங்கே மரத்தை உச்சியிலிருந்து துண்டு துண்டாக இறக்குவதே முறை. ஒரு அடி குறுக்களவும் பத்தடி நீளமும் உள்ள பச்சைப் புளங்கிளை 200 கிலோவுக்குக் குறையாது. அதைக் கையால் பிடித்து இறக்கிவிடலாமென்று எண்ணுவது பேதைமை. கிளையைக் கட்டிய கயிற்றை மேலேயுள்ள உறுதியான கவையில் போட்டுக் கீழே கொணர்ந்து, அடிமரத்தில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிப் பிடித்தால், இரண்டு ஆட்கள் அப்பாரத்தை மெல்ல மெல்லத் தளர்த்தி இறக்கலாம். மரமேறுபவனைக் கட்டும் கயிறு வேறு, கிளையைக் கட்டும் கயிறு வேறு. இரண்டும் ஒரே கிளையில் இருக்கலாகாது. கிணற்றில் நைந்த பழங்கயிறு இதற்கு உதவாது. கிளையை முதலில் அடிப்புறத்தில் மூன்றில் ஒரு பங்கு அறுத்து, பின்பு சற்று வெளியே தள்ளி மேற்புறத்தில் அறுத்தால், பட்டை கிழிந்து ஏறியவன்மேல் சாயாது. மோட்டார் ரம்பம் வேலையைச் சுருக்கும். ஆனால் பழகாதவன் அதை மரத்தின் மேல் கொண்டு செல்வதைவிடக் கைரம்பமே மேல்.

தென்னையிலும் இதே கிரமந்தான்: குலை, மட்டை, குருத்து, பிறகு மூன்று நான்கு அடித் துண்டுகளாகத் தண்டு. அடி அழுகிய தென்னையிலோ, வண்டு குடைந்த தென்னையிலோ தளைநார் மாட்டி ஏற எவரையும் அனுப்பலாகாது. கூலி கூடுதலானாலும் கிரேன் வைத்துப் பிடித்து அறுப்பதே அங்கு தகும்.

புயலில் வேரோடு சாய்ந்த மரத்தை அறுக்கும்போது ஒரு விசேஷ அபாயம் உண்டு. தண்டின் பாரம் நீங்கியதும், மண்ணோடு பெயர்ந்து நிற்கும் வேர்த்தட்டு திடீரென்று பழைய குழிக்குள் திரும்பி விழும். அக்குழியில் குழந்தைகள் விளையாடுவதைப் பல இடங்களில் காணலாம். ஒருவரையும் அருகில் விடக்கூடாது.

அறுத்த தென்னந்துண்டுகளைக் கொல்லையில் மக்க விட்டால் காண்டாமிருக வண்டு அவற்றில் முட்டையிட்டுப் பெருகி, எஞ்சிய மரங்களைத் தாக்கும். வாடல் நோய் கண்ட மரத்தின் அடிக்கட்டையையும் வேர்களையும் தோண்டியெடுத்து எரித்துவிட வேண்டும். பக்கத்துத் தென்னைகளுக்கு ஆண்டுக்கு மரமொன்றுக்கு 5 கிலோ வேப்பம்பிண்ணாக்கு இடுவது நலம். புளியின் அடிமரத்தை விறகு வியாபாரிக்கு எடைக்குத் தள்ளிவிடாமல் நிழலில் உலர்த்தி வைத்தால், இறைச்சி வெட்டும் கட்டைக்கும் உலக்கைக்கும் நல்ல விலை போகும்.