தக்காளி மூழ்கும் தேதி

கடைசி உறைபனிக்கு ஆறு வாரம் முன்னதாக நாற்றுவிடவும் என்று வெளிநாட்டு விதைப் பொட்டலங்களின் பின்பக்கத்தில் அச்சிட்டிருப்பார்கள். இணையத்தில் விதை வாங்குகிறவர்களின் கைக்குக் காரைக்காலிலும் இந்த வாசகம் வந்து சேர்கிறது. அஞ்சல் குறியீட்டைக் கேட்டுவிட்டு நடவுத் தேதி சொல்லும் செயலிகளும் கூடவே வருகின்றன. ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழுந்து புல்வெளி வெளுத்துக் கிடக்கும். காரைக்காலிலோ ஜனவரி இரவில்கூட வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது. அப்படியானால் அந்த வரியைக் கிழித்து எறியலாமே என்று தோன்றும். எறியக் கூடாது என்பது என் கட்சி. தேதி நமக்கு உதவாது, அதைக் கணக்கிட்ட முறை உதவும். பல ஆண்டுப் பதிவுகளை அடுக்கிப் பார்த்து, இன்ன நாளுக்குப் பிறகு பனி விழ பத்தில் ஒரு பங்கு வாய்ப்பே உண்டு என்று சொல்லும் நிகழ்தகவுதான் உறைபனித் தேதி. காரைக்காலின் செடிகளைச் சாகடிப்பது வடகிழக்குப் பருவமழை. ஆகவே இந்த ஊர்ப் பதிவேட்டில் தேட வேண்டியது, கொல்லையில் தண்ணீர் கட்டி நிற்கும் முதல் நாளையும் கடைசி நாளையும்.

குளிர்நாட்டுக் காய்கறிகள் வந்த கதையை ஒரு வாக்கியத்தில் முடித்துவிடலாம். 1820-களில் ஜான் சல்லிவன் நீலகிரியில் ஐரோப்பியக் காய்களைப் பயிரிட்டார். அவற்றின் நாட்காட்டி மலைக்குப் பொருந்தியது, காரைக்கால் கடற்கரைக்குப் பொருந்த வழியே இல்லை.

தண்ணீர் நின்றால் வேர் திணறும் என்பது தெரிந்ததுதான்: ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் சுமார் 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. வியப்பு மண்ணுக்கு மேலே இருக்கிறது. கனமழைக்குப் பின் ஓரிரு நாளில் தக்காளியின் இலைகள் கீழ்நோக்கித் தொங்கிவிடும். தொட்டுப் பார்த்தால் இலை விறைப்பாகவே இருக்கும், வளைந்திருப்பது காம்பு. வளைப்பது எத்திலீன், வாழைக்காயைப் பழுக்க வைக்கிற அதே வாயு. ஆனால் எத்திலீன் உருவாகும் கடைசிப் படிக்கு ஆக்சிஜன் வேண்டும், மூழ்கிய வேரில் அது கிடையாது. பிறகு எங்கிருந்து வந்தது? 1980-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் நகரில் கென்ட் பிராட்ஃபோர்டும் ஷாங் ஃபா யாங்கும் விடை கண்டார்கள். கீழ்வீட்டில் அடுப்பு அணைந்துவிட்டது என்று வையுங்கள். முறுக்கு மாவு பிசைய நெருப்பு வேண்டாம். பிசைவது நிற்கவில்லை, பதற்றத்தில் முன்னைவிட வேகமாகவே நடக்கிறது. பொரிக்க வழியில்லாத மாவு மாடிப்படி ஏறி மேல்வீட்டுக்குப் போகிறது. அங்கே அடுப்பு எரிகிறது. வந்த மாவையெல்லாம் பொரித்துத் தள்ளுகிறார்கள். கீழே வெள்ளம் புகுந்த சேதியை மேல்வீடு அறிவது அந்த எண்ணெய் வாசத்தில்தான். வேரில் சேரும் ஏசிசி என்ற முன்பொருள்தான் மாவு. சைலம் குழாய் மாடிப்படி. இலைக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் அடுப்பு. வாசம், அதாவது எத்திலீன், எட்டியதும் காம்பின் மேல்பக்கச் செல்கள் கீழ்ப்பக்கத்தை முந்திக்கொண்டு நீள்கின்றன, இலை கவிழ்கிறது. இதை வாட்டம் என்று எண்ணி இன்னொரு குடம் ஊற்றினால் வேர் அழுகும்.

ஆடிப்பட்டம் இருக்க இந்தக் கணக்கெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். பட்டம் அனுபவத்தில் விளைந்த நல்ல அறிவு, எல்லாக் காய்க்கும் ஒரே அளவில் செல்லாது. ஆடி நடுவில் ஊன்றிய வெண்டை சுமார் 45 நாளில் காய்க்கத் தொடங்கி, மழைக்கு முன் ஒரு மாதமாவது பறிக்கக் கொடுக்கும். அதே நாளில் விதைத்த தக்காளி நாற்றங்காலில் 25 நாள் இருந்து, நட்ட பின் இரண்டு மாதம் கழித்துப் பழுக்கும்போது அக்டோபர் கடைசி வந்துவிடும். பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20-ஐ ஒட்டி. மழையே தாறுமாறாகிவிட்டது, பழைய பதிவு என்ன செய்யும் என்பது அடுத்த கேள்வி. எவ்வளவு தாறுமாறு என்று அளந்து சொல்வதற்குத்தான் நிகழ்தகவு. செயலி தரும் ஒற்றைத் தேதிதான் ஏமாற்றும். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. எட்டினால் கனமழை என்கிறது வானிலைத் துறை. ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர் பிறந்த பின் அந்த அளவு முதன்முதலாகப் பதிவான நாளை எடுத்து வரிசைப்படுத்தினால், பத்தில் ஒன்றுக்கு ஒரு தேதியும் பத்தில் ஐந்துக்கு ஒரு தேதியும் கிடைக்கும். காரைக்காலில் வானிலை நிலையம் இருக்கிறது, செருமாவிலங்கையில் வேளாண் கல்லூரி இருக்கிறது. இதைக் கணக்கிட்டுக் கொல்லைக்காரர்களுக்கும் கொடுக்க வேண்டும்.

மேட்டுப்பாத்தி போட்டால் போதாதா? தண்ணீர் வடிய இடமிருந்தால் போதும். அரசலாறும் நாட்டாறும் நிரம்பி ஓடும் நாளில் கடலோரத் தாழ்நிலத்தில் ஒரு முழ மேடு சில நாள் தவணையே வாங்கித் தரும். கத்திரி வேரில் தக்காளியை ஒட்டும் முறையைத் தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் பரிந்துரைத்திருக்கிறது. கத்திரி வேர் நீர்த்தேக்கத்தைத் தக்காளியைவிட நன்றாகத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் மேலே பூவை மழை அடித்து உதிர்ப்பதை வேர் தடுக்காது, ஆகவே வெள்ளத்தை வென்ற செடி என்று விளம்பரம் சொன்னால் நம்ப வேண்டாம். பொட்டலம் சொன்னது போல, மழையின் கடைசி நாளை வைத்துப் பின்னோக்கி எண்ணுவதே மேல்: மார்கழியில் கூரைக்கு அடியில் நாற்றுவிட்டு, தை பிறந்து மண் பொலபொலவென்றானதும் நட்டால், இரவுச் சூடு ஏறிப் பூக்கள் கொட்டத் தொடங்கும் சித்திரைக்கு முன் காய் பிடித்துவிடும்.