பைலாவுக்கு மூத்த கபிரிஞ்ஞா

லிங்கநகரும் பாலையூற்றும் ஒரே திருகோணமலைப் பட்டினத்தின் பகுதிகள். ஆனாலும் பாலையூற்றுப் பறங்கியரின் கலியாண வீட்டு இசையான கபிரிஞ்ஞாவைப் பற்றிக் கேட்டால், “பைலாதானே” என்று லிங்கநகரில் சொல்லிவிட்டுப் போகிறோம். பைலாவுக்கு மூத்தது அது.

1624இல் இங்கே கோட்டை கட்டிய போர்த்துக்கீசரை 1639இல் ஒல்லாந்தர் விரட்டினார்கள். 1795இல் ஆங்கிலேயர் வந்தார்கள். ஆட்சி போனாலும் போர்த்துக்கீசு வழிவந்த கிரியோல் மொழி மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும் பறங்கியரின் வீட்டுப் பேச்சாகத் தங்கிவிட்டது. கபிரிஞ்ஞாப் பாட்டின் சொல் அந்த மொழி. மெட்டு வயலினில் வரும், தாளம் றபான் என்ற கைம்மேளத்தில். படைவீரராகவும் அடிமைகளாகவும் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் கொடை அந்தத் தாளத்தில் கேட்கிறது.

நம் காதுக்குப் பழகிய சொற்கட்டிலேயே அதைப் பிடிக்கலாம். ஆறு விரைவான அடிகள். “தகிட தகிட” என்று இரண்டாகவும் பிரியும், “தக தக தக” என்று மூன்றாகவும் பிரியும். இரண்டும் ஒன்றோடொன்று உரசும்போது உட்கார்ந்திருப்பவருக்கும் கால் நிற்காது.

ஆங்கிலேயர் காலத்தில் லான்சர்ஸ் நடனம் சேர்ந்தது. நான்கு சோடிகள் சதுரமாக நின்று ஆடும் ஐரோப்பிய ஆட்டம் அது. இத்தனை கலப்பையும் எந்த இசைக் கம்பனியும் திட்டமிடவில்லை. வாசித்தவர்கள் உறவினரும் அயலவரும்; மேடை, கலியாண வீடு. சுயாதீன இசை என்று இன்று எதைச் சொல்கிறோமோ, அதன் அசல் வடிவம் இதுதான் என்பேன்.

இந்தத் தாளத்தைத்தான் பொலிஸ் உத்தியோகத்தராயிருந்த வொலி பஸ்தியன் சிங்களப் பைலாவாக நாடெங்கும் கொண்டுபோனார். பாடகர் ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ பாட்டு அதைத் தமிழ்நாடு வரை சேர்த்தது. ஊற்றுக்கண்ணில் இருந்தவர்களின் பெயரோ வெளியே தெரியவில்லை.

ஆய்வாளர்கள் மட்டும் தேடி வந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹியூ நெவில் சேர்த்த கிரியோல் பாட்டுக் கையெழுத்துப் படி பிரித்தானிய நூலகத்தில் இருக்கிறது. அதை வைத்து கென்னத் டேவிட் ஜாக்சன் 1990இல் நூல் வெளியிட்டார். லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்டோசோ குழு கிழக்கின் பேச்சையும் பாட்டையும் ஒலி, ஒளிப் பதிவாக்கி இணையக் காப்பகத்தில் வைத்துள்ளது.

போரும் புலம்பெயர்வும் பறங்கியர் குடும்பங்களைச் சிதறடித்தன. பிள்ளைகள் படிப்பதும் பேசுவதும் பெரும்பாலும் தமிழில். வீட்டில் கிரியோல் குறைந்தாலும் பாட்டில் அதன் சொற்கள் இன்னும் நிற்கின்றன. திருகோணமலைப் பாடசாலைகளின் சங்கீத வகுப்பில் ஒரு பாடவேளை கபிரிஞ்ஞாவின் ஆறு அடிகளுக்கு ஒதுக்கலாம். சொல்லித்தரக்கூடியவர்கள் இந்தப் பட்டினத்திலேயே இருக்கிறார்கள்.