தேசியப் புவியியல் தகவல் அமைப்பில் ஊர்ப்பெயர்: அரசுத் துறைகளின் ஒருங்கிணைவும் தமிழ் வரிவடிவமும்

முன்னுரை

நிலம், நீர், ஊர், சாலை, மக்கள்தொகை ஆகியன பற்றிப் பல அரசுத் துறைகள் தனித்தனியே திரட்டி வைத்துள்ள செய்திகளை ஒரே நிலப்பரப்பின்மேல் அடுக்குகளாகப் பொருத்திக் காண வகைசெய்வது புவியியல் தகவல் அமைப்பு. செயற்கைக்கோளும் கணினியும் இதற்குக் கருவிகளே. ஓர் அடுக்கில் உள்ள ஊரும் மற்றோர் அடுக்கில் உள்ள ஊரும் ஒன்றே என உறுதிசெய்ய இயலாவிடின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்குமேயன்றி இணையா. அவ்வுறுதியைத் தருவன ஊரின் பெயரும் அதற்கு இடப்பட்ட குறியீடும் ஆகும். இந்தியாவில் இவ்வமைப்பை உருவாக்கும் முயற்சி தொழில்நுட்பச் சிக்கலாகவும் நிருவாகச் சிக்கலாகவுமே பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளது. அதன் நடுவே ஒரு மொழிச்சிக்கல் இருப்பதையும், தமிழ் ஊர்ப்பெயர்களில் அது கூர்மை அடைவதையும் இக்கட்டுரை எடுத்துரைக்க முயல்கிறது. கல்வெட்டுகளில் வரும் சோழர்கால ஊர்களை இன்றைய ஊர்களோடு பொருத்தும் ஆய்வில் ஈடுபட்டுள்ள இக்கட்டுரையாளர்க்கு இச்சிக்கல் முதலில் ஓர் இடையூறாகவே அறிமுகமாயிற்று.

தொடக்கத்திலேயே ஒரு சொல்லைச் சுட்டவேண்டியுள்ளது. பாடநூல்களில் ‘புவியியல்’ என்பது நில அமைப்பு, தட்பவெப்பம், மக்கள் வாழ்வு முதலியவற்றை ஆராயும் துறை. தமிழ்நாட்டரசின் ‘புவியியல் மற்றும் சுரங்கத் துறை’யின் பெயரிலோ அதே சொல் பாறையையும் கனிமத்தையும் ஆராயும் துறையைக் குறிக்கிறது. இரு துறைகள் தரவைப் பகிரும்போது எழும் இடர்ப்பாட்டின் இயல்பைக் காட்ட இச்சொல்லே போதிய சான்று.

ஒருங்கிணைப்பு முயற்சிகள்

இந்திய நில அளவைத் துறை 1767இல் தோன்றியது. வில்லியம் லாம்டன் 1802 ஏப்ரலில் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய பணியே பின்னர் மாபெரும் முக்கோண அளவையாக விரிந்தது. கனிமம், காடு, மண், நிலத்தடி நீர், மக்கள்தொகை எனத் தனித்தனித் துறைகள் அடுத்தடுத்து உருவாயின. பாறை ஆய்வுக்கான மையத் துறை 1851இலும், தேசிய நிலப்படத் தொகுதியை வரையும் அமைப்பு 1956இலும், வன அளவைக்கான அமைப்பு 1981இலும் நிறுவப்பெற்றன. ஒவ்வொன்றும் தன் தேவைக்கேற்ற அளவுத்திட்டத்தில், தன் வகைப்பாட்டில் நிலத்தை வரைந்தது.

இவற்றை இணைக்கும் தேசிய இடஞ்சார் தரவுக் கட்டமைப்புக்கு 2006இல் நடுவணரசு ஒப்புதல் அளித்தது. அதற்கு முந்தைய ஆண்டில் வெளியான தேசிய நிலப்படக் கொள்கை, பாதுகாப்புக்கு ஒரு வரிசை, பொதுப்பயன்பாட்டுக்கு ஒரு வரிசை என நிலப்படங்களை இரண்டாகப் பிரித்தது. 2009இல் ‘புவன்’ தளமும், 2012இல் அரசுத் தரவுப் பகிர்வுக் கொள்கையும் வந்தன. 2021 பிப்ரவரி வழிகாட்டுதல்கள் நிலப்படம் வரைவதற்கு முன்னனுமதி பெறும் முறையைப் பெரும்பாலும் நீக்கின. அவ்வாண்டு அக்டோபரில் பல அமைச்சகங்களின் உட்கட்டமைப்புத் திட்டங்களை ஒரே தளத்தில் காட்டும் ‘கதிசக்தி’ தொடங்கப்பட்டது. 2022 டிசம்பரில் தேசியப் புவிசார் கொள்கை அறிவிக்கப்பட்டது. இக்கொள்கை, ஐக்கிய நாடுகள் அவையின் வல்லுநர் குழு வகுத்த 14 அடிப்படைத் தரவுப் பொருள்களைத் தழுவுகிறது. அவற்றுள் ஒன்று புவியியற்பெயர்கள். பெயர் என்பது நிலப்படத்தின்மேல் எழுதப்படும் ஒட்டு அன்று, அதுவே தனியொரு தரவு என இங்கு ஏற்கப்பட்டிருப்பது தமிழாய்வாளர் கருதத்தக்கது.

பழைய நிலப்படங்கள் எவரெஸ்ட் நீள்வட்டத்திண்மத்தை அடிப்படையாகக் கொண்டவை. இன்றைய செயற்கைக்கோள் வழி அளவைகள் உலகப்பொதுவான வேறோர் அடிப்படையைக் கொண்டவை. இரண்டையும் மாற்றமின்றி ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் தமிழ்நாட்டில் ஓர் ஊர் 100 மீட்டருக்கு மேல் இடம்பெயர்ந்து தோன்றும். எனினும் இதற்குக் கணிதத் தீர்வு உண்டு. உரிய வாய்பாட்டை இட்டால் ஊர் தன் இடத்தில் வந்து நிற்கும். பெயர்கள் வேறுபடும்போது அத்தகைய வாய்பாடு எதுவும் இல்லை.

ஓர் ஏரியும் பல பதிவேடுகளும்

துறைகள் ஒரே பொருளை எவ்வாறு வேறு வேறாகக் காண்கின்றன என்பதற்கு ஏரி தக்க எடுத்துக்காட்டு. வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டில் ஏரி ஒரு புல எண். அதன் வகை நீர்நிலைப் புறம்போக்கு. 40 எக்டேருக்கு மேற்பட்ட ஆயக்கட்டு உடையதாயின் அது நீர்வளத் துறையின் பொறுப்பு; குறைந்ததாயின் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. மீன்பாசிக் குத்தகைக்கு மற்றொரு கணக்கு உண்டு. கரையில் மரம் வளர்த்த துறை தனியே ஒரு பட்டியல் வைத்திருக்கும். வருவாய்த் துறை புல எண்ணால் குறிப்பதைப் பொறியாளர் ஏரியின் பெயரால் குறிப்பர். அப்பெயரோ வட்டாரந்தோறும் ஏரி, கண்மாய், குளம், தாங்கல், ஏந்தல் என வேறுபடும். தாங்கல், ஏந்தல் என்பன பலவிடங்களில் நீர்நிலையின் பெயராக இருந்து ஊரின் பெயராகவும் ஆகியிருப்பதால், பட்டியலில் உள்ள ஒரு பெயர் நீரைக் குறிக்கிறதா குடியிருப்பைக் குறிக்கிறதா என்பதே ஐயமாகிறது.

ஊர் என்னும் அலகும் இவ்வாறே. வருவாய்த் துறைக்கு ஊர் என்பது வருவாய்க் கிராமம். ஊரக வளர்ச்சித் துறைக்கு ஊராட்சி. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 12,500 ஊராட்சிகள் இருந்துள்ளன. வருவாய்க் கிராமங்களோ அவற்றினும் மிகுதி. சில ஊராட்சிகளில் வருவாய்க் கிராமங்கள் பல உண்டு. பெரிய வருவாய்க் கிராமம் ஒன்று ஊராட்சிகள் பலவாகப் பிரிந்திருப்பதும் உண்டு. மக்கள் ‘எங்கள் ஊர்’ எனச் சுட்டுவது பெரும்பாலும் இவ்விரண்டினும் சிறிய குடியிருப்பையே. காவல் நிலைய எல்லை, 1972இல் வந்த அஞ்சல் குறியீட்டு எல்லை ஆகியன இவற்றோடு பொருந்துவதில்லை. புயல் எச்சரிக்கை விடும் துறையும், அதைக் கேட்டு மக்களை இடம்பெயர்க்கும் துறையும், பின்னர் இழப்பைக் கணக்கிடும் துறையும் ‘ஊர்’ எனும்போது ஒன்றையே கருதுகின்றன என்பதற்கு உறுதியில்லை.

உரோமன் வடிவமும் மீட்டெழுத்தும்

பல மொழிகள் வழங்கும் நாட்டில் நடுவண் துறைகள் ஊர்ப்பெயரை உரோமன் எழுத்தில் வைத்திருப்பது இயல்பே. தமிழிலிருந்து உரோமனுக்குச் செல்லும் வழியில் சிக்கல் குறைவு; மீண்டு வரும் வழியில்தான் சிக்கல். இந்தியாவில் பெருவழக்காக உள்ள ஹண்டர் முறையில் நாவளை ஒலிகளும் பல்லொலிகளும் வேறுபடுத்தப்படுவதில்லை; நெடிலைக் காட்டும் மேற்கோடும் நடைமுறையில் விடுபடுகிறது. ல, ள இரண்டுக்கும், பல பட்டியல்களில் ழகரத்துக்கும், ‘எல்’ என்னும் ஓரெழுத்தே வருகிறது. ‘பி-ஏ-எல்-யு-ஆர்’ என்னும் ஐந்தெழுத்துப் பெயரை எடுத்துக்கொண்டால் பலூர், பாலூர், பளூர், பாளூர், பழூர், பாழூர் என ஆறு தமிழ் வடிவங்களுக்கு அது இடந்தருகிறது. இவற்றுள் பாலூர், பழூர் இரண்டும் இன்றும் வழங்கும் ஊர்ப்பெயர்கள். எந்திரத்துக்கு ஆறும் ஒன்றே.

இக்கட்டுரையாளர் ஒரு வட்டத்தின் ஊர்ப்பட்டியலைக் கல்வெட்டுப் பெயர்களோடு ஒப்பிட முனைந்தபோது, இணையவழிக் கிடைத்த பட்டியலின் தமிழ்ப்பெயர்கள் உரோமன் வடிவிலிருந்து மீட்டெழுதப்பட்டவை என்பது சில வரிகளிலேயே புலனாயிற்று. ‘கீழ’ என்னும் திசையடை ‘கில’ என்றிருந்தது. ‘குளம்’ ‘குலம்’ ஆகியிருந்தது. ‘பள்ளி’ ‘பல்லி’ ஆகியிருந்தது. நகைத்துவிட்டுக் கடந்துவிடத்தக்க பிழைகள் அல்ல இவை. பள்ளி என்னும் ஈறு சமண, பௌத்த உறைவிடத்தையோ சிற்றூரையோ சுட்டும் வரலாற்றுச் சான்று. குளம் குலமானால் நீர்நிலையைத் தேடுவோர் அவ்வூரைத் தவறவிடுவர். குடிவழக்கைத் தேடுவோர் இல்லாத ஒன்றைக் கண்டெடுப்பர். மனிதர் கையிலேயே இத்தகைய பிழை நேர்வதும் உண்டு. பிரமதேய ஊர்களைச் சுட்டும் ‘மங்கலம்’ என்னும் ஈறு ‘மங்களம்’ என எழுதப்படுவது இன்று பரவலான வழக்கு. கையெழுத்துப் பதிவேட்டின் பிழை ஓரூரோடு நிற்கும். ஒருங்கிணைந்த தரவுத்தளத்தில் ஏறிய பிழையோ எல்லாத் துறைகளுக்கும் ஒரே நாளில் சென்று சேர்ந்து, அரசின் முத்திரையோடு நிலைபெறும். ஒத்துழைப்பு முழுமையாக வெற்றிபெறும் இடத்திலேயே இவ்விடர் மிகுதி என்பதை இதுகாறும் போதிய அளவு எண்ணிப்பார்க்கவில்லை.

தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான உரோமன் பெயர்ப்பு முறை ஒன்றை ஐக்கிய நாடுகள் மாநாடு 1972இல் ஏற்று 1977இல் திருத்தியது. ல, ள, ழ ஆகியவற்றை அம்முறை வேறுபடுத்துகிறது. ஆயினும் இந்திய நிலப்படங்களில் அது நடைமுறைக்கு வரவில்லை.

2020ஆம் ஆண்டு ஆணை

தமிழ்நாட்டரசு 2020 ஜூன் மாதத்தில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றும் ஆணையை வெளியிட்டது. நோக்கம் போற்றத்தக்கது. ஆனால் நெடிலைக் காட்ட ஆங்கில எழுத்துகளை இரட்டித்ததால் ‘வேலூர்’ என்பதை ‘வீலூர்’ எனப் படிக்க நேர்ந்தது. எழுத்துக்கூட்டில் சீரான விதி இல்லை என்னும் குறையும் கூறப்பட்டது. சில நாள்களிலேயே ஆணை திரும்பப் பெறப்பட்டது.

ஆங்கிலம் படிப்போர்க்கு இயல்பாக ஒலிக்கும் வடிவம், தமிழ் எழுத்தை இழப்பின்றி மீட்கும் வடிவம் என்னும் இருவேறு தேவைகளை ஒரே எழுத்துக்கூட்டால் நிறைவேற்ற முயன்றதே அவ்வாணையின் இடர்ப்பாடு எனத் தோன்றுகிறது. முதலாவது பெயர்ப்பலகைக்குரியது, இரண்டாவது தரவுத்தளத்துக்குரியது. தரவுத்தளத்தில் தமிழ் வரிவடிவமே முதன்மைப் பதிவாக இருந்தால் உரோமன் வடிவம் எதுவாயினும் கேடில்லை.

ஊர்ப்பெயர் மாற்றத்தில் துறைகளின் கலந்தாய்வு ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. மாநில அரசின் முன்மொழிவுக்கு இசைவளிக்குமுன் நடுவண் உள்துறை அமைச்சகம் இரயில்வே, அஞ்சல், நில அளவை ஆகிய துறைகளின் கருத்தைப் பெறுகிறது. அதே பெயர் வேறெங்கேனும் உண்டா என்பதை இத்துறைகள் ஆராயும். பெயரின் எழுத்து சரியா என்று கேட்கும் பொறுப்பு இம்மூன்றில் எதற்கும் உரியதன்று.

குறியீடும் காலமும்

பெயர் குழப்பம் தருவதால் ஒவ்வோர் ஊருக்கும் தனி எண் வழங்கும் முறை வந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஊர்க்குறியீடும், பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சிக் கோவைக் குறியீடும் இத்தகையன. பின்னதில் உள்ளூர் மொழிப் பெயருக்கும் ஓர் இடம் உண்டு. துறைகள் தரவை எண்ணால் இணைத்துக்கொள்ளலாம். இது நல்ல தீர்வே. ஆனால் எண் நிகழ்கால நிருவாகத்தின் கருவி. 2011 கணக்கெடுப்பில் 32 மாவட்டங்களாக இருந்த தமிழ்நாடு இன்று 38 மாவட்டங்களைக் கொண்டுள்ளது. இன்று மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள ஓர் ஊர், வி. ரங்காச்சார்யா 1919இல் வெளியிட்ட கல்வெட்டு இடவிவரப் பட்டியலில் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருக்கும். 1991க்குப் பின் நாகப்பட்டினம் மாவட்டத்தில் இருக்கும். 2020க்குப் பின்னரே மயிலாடுதுறைக்கு வரும். ஊர் ஓரடியும் நகரவில்லை. இராசராசன் காலத்தில் அதே ஊர் ஒரு நாட்டிலும் வளநாட்டிலும் அடங்கியிருந்தது என்பதையும் சேர்த்தால், ஓர் ஊரின் இருப்பிடத்தை அதன் அன்றைய மேலலகோடும் அவ்வலகு வழங்கிய காலத்தோடும் பதிவுசெய்வதே முறை எனத் தெளிவாகும்.

இத்தகைய பதிவின் பயனைக் கணினிக்கு முன்பே தமிழாய்வு உணர்ந்திருந்தது. எ. சுப்பராயலு 1973இல் வெளியிட்ட சோழமண்டல அரசியல் புவியியல் ஆய்வு, கல்வெட்டுகள் ஒவ்வொரு நாட்டுக்கும் உரியனவாகக் கூறும் ஊர்களை இன்றைய நிலப்படத்தில் இடங்கண்டு அந்நாடுகளின் பரப்பை வரைந்து காட்டியது. ரா. பி. சேதுப்பிள்ளையின் ‘தமிழகம் ஊரும் பேரும்’ ஊர்ப்பெயர் ஈறுகளை வகைப்படுத்தித் தந்தது. இவ்விரு நெறிகளும் தமிழ்த்துறை ஆய்வேடுகளில் மாவட்டம் மாவட்டமாகத் தொடர்ந்துள்ளன. அவ்வேடுகளில் உள்ள பெயர்ப்பட்டியல்கள் நூலக அடுக்குகளிலேயே தங்கிவிட்டன. எந்தத் தரவு அடுக்கையும் அவை எட்டவில்லை.

தமிழ்த்துறைகளின் இடம்

மாநில அளவில் தமிழ்நாடு புவியியல் தகவல் அமைப்பு பல துறைகளின் அடுக்குகளைத் திரட்டி வருகிறது. அதன் ஊர்ப்பெயர் அடுக்குக்குத் தமிழ்த்துறைகள் தரக்கூடியது அறிவுரையன்று, தரவு. ஒவ்வோர் ஊருக்கும் ‘அ’ பதிவேட்டில் உள்ள தமிழ்ப்பெயர், ஊரார் வழங்கும் பெயர், ‘என்ற’ எனச் சேர்த்தெழுதப்படும் மாற்றுப்பெயர், கல்வெட்டில் வரும் பெயரும் அக்கல்வெட்டின் எண்ணும் காலமும் ஆகியன ஒரே பதிவில், உள்ளாட்சிக் கோவைக் குறியீட்டோடு இணைந்து நிற்றல் வேண்டும். பதிவேட்டு வடிவமும் வழக்கு வடிவமும் முரண்படும்போது ஒன்றை நீக்கி மற்றொன்றை நிறுத்துவதைவிட இரண்டையும் சான்றுடன் வைத்திருப்பதே பொருந்தும். நில உரிமை வழக்குகளில் பதிவேட்டுப் பெயருக்கே மதிப்பு இருப்பதால், மொழித்தூய்மை கருதி அதை மாற்றிவிடுவது ஊராருக்குத் தீங்காய் முடியலாம்.

தொடங்குவதற்கு ஒரு வட்டம் போதும். வட்டாட்சியர் அலுவலகத்தின் ‘அ’ பதிவேட்டுப் பெயர்களையும், நடுவண் தரவுத்தளத்தில் அதே குறியீட்டுக்குரிய தமிழ்ப்பெயர்களையும், அவ்வட்டத்துக் கல்வெட்டுப் பெயர்களையும் மூன்று பத்திகளில் அருகருகே எழுதி, ல, ள, ழ, ன, ண, ர, ற ஆகியவற்றில் எத்தனை ஊர்கள் பிறழ்ந்துள்ளன என்று எண்ணுதல் முதற்பணி. ஓர் ஆய்வேட்டுக்கு இவ்வளவே ஆய்வுப்பொருளாக அமையும். கையில் கிடைக்கும் எண்ணிக்கையோடு மாநில அமைப்பை அணுகுவது அடுத்த பணி.